சிரிச்சவனுக்கெல்லாம் டிக் போட்டேன்

முப்பது வயசுல ரிடையர் ஆனவன் நான். பென்ஷன் கெடயாது, பேரன் பேத்தி கெடயாது, இன்னும் கல்யாணமே ஆவல. ஆனா மாலை போட்டாங்க, சுவத்துல மாட்டுற கடிகாரம் குடுத்தாங்க, அதனால இது ரிடையர்மெண்ட்தான். எங்க டாக்டரு வயசாயிடுச்சுன்னு கிளினிக்க மூடினாரு. அங்க மொத்த ஸ்டாஃபே நான் ஒருத்தன். ஷட்டரோட சேத்து என்னையும் எறக்கிட்டாங்க.

இத எழுதச் சொன்னது நவீன். புதுசா வந்திருக்கிற பெரிய லேப்ல காது டெஸ்ட் பண்ற பையன். இப்போ சல்லிசு டிக்கெட் ஏரோப்ளேனெல்லாம் வந்துடுச்சு, தெருவுக்கு நாலு பேரு பைலட் ஆவறேன்னு கெளம்பிட்டாங்க. அவங்கள கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, பட்டன் அமுக்கச் சொல்லணும். அவ்ளோதான் அவன் வேல. ஒரு நாள் கேட்டான், "அண்ணா, நீங்க மெஷினே இல்லாம வெறும் வாயால டெஸ்ட் பண்ணீங்களாமே, எப்டிண்ணா? எங்க பசங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராது நவீன். எஸ்எஸ்எல்சியே ரெண்டு வாட்டி புட்டுக்கிச்சு."

"பேசற மாதிரியே எழுதுங்க. உங்க வாய நிறுத்தறதுதான் கஷ்டம்."

சரி, பேசறேன்.

தொண்ணூத்தி ரெண்டுல சேந்தேன். கிளினிக்கு பிரேசர் டவுன்ல, பழைய கண்டோன்மெண்ட் வீடு. முன்னாடி ரயில் பொட்டி மாதிரி நீளமா ஒரு ரூம். டாக்டரு ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிடையர் ஆன விங் கமாண்டர். எல்லாரும் விங் சார்னு கூப்புடுவாங்க. பைலட் ஆவணும்னு ஆசப்படற பசங்க, பரிச்ச எழுதறதுக்கு முன்னாடி, ஃபிளையிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி, இந்த ஒடம்பு அதுக்குத் தாங்குமான்னு பாக்க இங்க வருவாங்க. சர்க்கார் மெடிக்கல் போர்டு அப்புறம். நாங்க அதுக்கு முந்தின வாசல்.

பையன் உள்ள வந்ததும் விங் சார் கேக்கற மொதல் கேள்வி: "நீலமா, வெள்ளையா?"

நீலம்னா ஏர்ஃபோர்ஸ் சட்ட. வெள்ளன்னா கம்பெனி ஏரோப்ளேன் ஓட்டறவங்க சட்ட. நீலத்துக்கு சர்க்காரே படிக்க வெச்சு சம்பளமும் குடுக்கும், ஆனா உச்சந்தலையிலேருந்து குதிகால் வரைக்கும் அளந்து பாக்கும். வெள்ளைக்குக் கண்ணாடி போட்டிருந்தாக்கூட பரவால்ல, ஆனா செலவு பூரா அப்பன் தலையில. பாதிப் பசங்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. "பிளேன் ஓட்டணும் சார்"னு நிப்பாங்க. அவரு பொறுமையா உக்கார வெச்சு ரெண்டு சட்டையையும் விளக்குவாரு. அதுக்கப்பறம்தான் ரெஜிஸ்டர்ல பேரு.

வேல கத்துக்கினது ரெண்டு வாரம். ஒயரம், எட, உக்காந்த ஒயரம், தொட நீளம், கண்ணு சார்ட்டு, கலர் புள்ளி புக்கு, கண்ண மூடிக்கினு ஒத்தக் கால்ல நிக்கறது. இதெல்லாம் நான் பாத்து எழுதிடுவேன். நெஞ்சு, காதுக்குள்ள டார்ச்சு, மத்ததெல்லாம் அவரு.

பீன்யாவுலேருந்து ஒரு கன்னடக்காரப் பையன் வந்தான், பனமரம் மாதிரி. நீலம் வேணும்னான். தொட அளந்தேன், ஸ்கேலே பத்தல. விங் சார் அவங்கப்பாவுக்கு விளக்கினாரு: ஃபைட்டர் பிளேன்ல ஆபத்துன்னா சீட்டோட ஆள வெளிய தூக்கி எறியும், அப்போ இவன் முட்டி முன்னாடி பலகையில இடிச்சு அங்கயே தங்கிடும். அப்பா யோசிச்சுட்டுக் கேட்டாரு, "சார், அவன் கால மடக்கி உக்காந்துக்குவான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பாத்து அட்ஜஸ்ட் பண்ணுங்க." எனக்கு சிரிப்பு தாங்கல, உள்ள ஓடிட்டேன். விங் சார் சிரிக்கல. "வெள்ளையில முட்டிக்கு எடம் இருக்கு. போய் யோசிங்க"ன்னாரு.

அவரு வாயில ஃபெயில்ங்கற வார்த்த வந்து நான் கேட்டதில்ல. "இந்தச் சட்ட உனக்குத் தைக்கல"ம்பாரு. அதுக்கும் ஒரு மொற வெச்சிருந்தாரு. மொதல்ல பையன்கிட்ட தனியா சொல்லணும். வீட்டுக்காரங்க வெளிய இருக்கணும். பத்து நிமிஷம் அவன அந்த ரூம்ல தனியா விட்டுடுவாரு. அப்புறம் அவனே வெளிய வந்து அவன் வாயாலயே சொல்லணும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன வெளிய அனுப்புவாரு: "டோனி, மூணு காபி." பையனுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. தேறினவனுக்குப் பச்சத் தண்ணி கெடயாது. எங்க கிளினிக்குல காபி வந்துச்சுன்னா கெட்ட சேதி. ஒவ்வொரு வாரமும் எதிர் பேக்கரிக்காரன் கேப்பான், "ஏண்டா டோனி, இந்த வாரம் எத்தன பேரு தரையிலயே நின்னாங்க?"

இன்னொரு கேசு. மாலதின்னு ஒரு பொண்ணு, இந்தக் கன்னட ஊர்லயே மூணு தலமொறையா இருக்கிற தமிழ்க் குடும்பம், அப்பா சர்க்கார் எஞ்சினியர். ஏர்ஃபோர்ஸ்ல பொண்ணுங்களையும் ஓட்ட எடுக்க ஆரம்பிச்ச நேரம். எல்லாத்துலயும் பாஸ். ஒத்தக் கால்ல கண்ண மூடி நின்னுச்சு பாருங்க, நான் ஸ்டாப் வாட்ச்சையே மறந்துட்டேன். அது வெளிய போனதும் அப்பா மட்டும் மெதுவா உள்ள வந்தாரு. "டாக்டர், ஏதாவது ஒண்ணு சரியில்லன்னு எழுதிடுங்க. சின்னதா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

விங் சார் தலய ஆட்டினாரு. "டோனி, சாருக்கு பி.பி. கட்டு." அவரே பம்ப அமுக்கி அளந்தாரு. ஒரு சீட்டு எழுதிக் கிழிச்சுக் குடுத்தாரு. "சரியில்லன்னு எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். உங்களுது. நாளையிலேருந்து உப்பக் கொறைங்க."

அந்தப் பொண்ணு அப்புறம் நீலச் சட்டையிலயே வந்து மைசூர்பாக்கு குடுத்துட்டுப் போச்சு. அப்பாவும் கூட வந்தாரு. உப்பக் கொறச்சாரான்னு நான் கேக்கல.

இப்போ காது.

தரையில மஞ்சப் பெயிண்ட்ல ரெண்டு கோடு, நடுவுல இருபது அடி. அந்தக் கோட்டுல பையன் சுவத்தப் பாத்து நிக்கணும். ஒரு காதுல நனைச்ச பஞ்ச வெச்சு மேல வெரல அமுக்கிக்கணும். நான் இந்தக் கோட்டுல. மொதல்ல மூச்ச பூரா வெளிய விட்டுடணும். விட்டதுக்கப்பறம் நெஞ்சுல கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும், அந்த மிச்சக் காத்துலதான் ரகசியம் பேசணும். ஏன்னா முழு மூச்ச வெச்சுக்கினு பேசினா ஒரு நாள் சத்தம் ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி. மிச்சக் காத்து மட்டும் எல்லா நாளும் ஒரே அளவு. "நாப்பத்தி நாலு." "எலுமிச்சங்கா." "மைசூர்." அவன் அத வாய் விட்டுத் திருப்பிச் சொல்லணும். சொன்னா டிக். ஒரு காதுக்கு அஞ்சு.

இத ஏன் நான் பண்ணணும்னா, விங் சாருக்கு ரகசியம் பேச வராது. காலம் பூரா எஞ்சின் பக்கத்துல கத்திக் கத்திப் பழகினவரு. அவரு ஒருத்தன் காதுல குசுகுசுன்னா எதிர் பேக்கரிக்காரனுக்குக் கேட்டு, பன்ன எடுத்துத் தட்டுல வெப்பான்.

நாலு வருஷம் ஒழுங்காத்தான் பண்ணேன். அப்புறம் போரடிச்சுது. எத்தன நாளைக்குய்யா எலுமிச்சங்கா? ஒரு நாள் சும்மா ஒரு பையன்கிட்ட, "உன் பேண்ட் ஜிப்பு தெறந்திருக்கு"ன்னேன். பஞ்சையும் வெரலையும் விட்டுட்டு ரெண்டு கையையும் கீழ கொண்டு போனான். இதவிட நல்ல காது வேணுமா? டிக். அடுத்தவன்கிட்ட, "உன் ஆளு வாசல்ல நிக்கறா." குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். டிக். திருப்பிச் சொல்லச் சொல்றத விட்டுட்டேன். சிரிச்சா கேட்டிருக்கு, கேட்டதாலதான் சிரிச்சான்னு என் கணக்கு. உள் ரூம்ல இருக்கிற விங் சாருக்கு சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வரும். பசங்க பயமில்லாம இருக்காங்கன்னு நெனச்சுக்குவாரு.

இப்படியே ஒரு வருஷம் ஓடினப்போதான் ஜூட் வந்தான்.

ஜூட் ஆஸ்டின் டவுன்ல எங்க தெரு. ஒண்ணாவதுலேருந்து என் பெஞ்சு. நான் எஸ்எஸ்எல்சியில நின்னேன், அவன் டிகிரி வரைக்கும் போனான். சின்ன வயசுலேருந்தே அவனுக்கு கேப்டன்னுதான் பேரு, வச்சது நான். முழுப் பரிச்சையில கூட பேப்பர் ராக்கெட்டு பண்ணி அதுல விடை எழுதுவான். மொதல்ல நீலத்துக்கு ரெண்டு வாட்டி போனான், ரெண்டு வாட்டியும் அஞ்சு நாள் இண்டர்வியூவிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. மெடிக்கல் வரைக்கும் போகவேயில்ல. சரி, வெள்ளையாவது போடலாம்னு முடிவு பண்ணான். அவங்கப்பா லாரன்ஸ் அங்கிளு பீன்யாவுல ஃபேக்டரி வேல. சொத்துன்னு இருந்தது அந்தத் தெரு வீடு ஒண்ணுதான். அத வித்துட்டு வாடகைக்குப் போயிடலாம், புள்ள பறக்கட்டும்னு சொல்லிட்டாரு. திங்கக்கெழம பதினோரு மணிக்கு அக்ரிமெண்ட். அதுக்கு முந்தின சனிக்கெழமதான் எங்ககிட்ட வந்தான்.

கண்ணு, கலரு, கால், எல்லாம் சூப்பர். விங் சார் டார்ச்சு அடிச்சு ரெண்டு காதையும் பாத்தாரு, ஜவ்வு நல்லாருக்குன்னாரு. அப்புறம் என் டர்ன். வலது காத ஒழுங்கா பண்ணேன், கேப்டனாச்சே, அஞ்சுக்கு அஞ்சு சொன்னான். இடது காதுக்கு என்னால வாய வெச்சுக்கினு சும்மா இருக்க முடியல. "கேப்டன் மூஞ்சியப் பாரு, பஸ் கண்டக்டர் மாதிரி." தோள் குலுங்குச்சு, சிரிச்சான். "பிளேன்ல நின்னுக்கினே வரவங்களுக்கு அரை டிக்கெட்டா?" சிரிச்சான். அஞ்சு தடவ வாய அசைச்சேன், அஞ்சு தடவ சிரிச்சான். அஞ்சு டிக். காபி கெடயாது.

மறுநா ஞாயித்துக்கெழம, சர்ச்சுல பூச முடிஞ்சு அவங்க வீட்ல பிரியாணி. நான்தான் அன்னிக்கு ஹீரோ. காபி விஷயத்த எல்லாருக்கும் அடிச்சு விட்டுக்கினு இருந்தேன். "எங்ககிட்ட காபி வந்துச்சா, அந்தாளு அவுட்டு. நம்ம கேப்டனுக்குத் தண்ணி கூட குடுக்கல." லாரன்ஸ் அங்கிளு தொடையத் தட்டிச் சிரிச்சாரு.

சாப்ட்டுட்டுக் கை கழுவப் பின்னாடி போனேன். தண்ணித் தொட்டி பக்கத்துல அங்கிளு தனியா நின்னுக்கினு இருந்தாரு. சுவத்துல கை வெச்சுக்கினு அழுதாரு. அந்தச் சுவரு அவரே லீவு நாள்ல கல்லு கல்லா எடுத்துக் கட்டினது. நான் சத்தம் போடாம திரும்பி வந்துட்டேன்.

ஜூட்டுக்கு வலது பக்கம் அவங்க மாமா உக்காந்திருந்தாரு. எடம் இல்லாம நான் இடது பக்கம் ஒண்டினேன். அவன் காதுகிட்ட குனிஞ்சு, மெதுவா சொன்னேன்: "டேய், உங்கப்பா பின்னாடி தனியா நின்னு அழுதுக்கினு இருக்காரு. எழுந்து போ."

ஜூட் பக்குனு சிரிச்சான். என் தொடையில ஒரு தட்டு தட்டினான். "நீ திருந்தவே மாட்டடா டோனி."

நான் மூச்ச பூரா வெளிய விட்டேன். மிச்சக் காத்துல, அவன் காதுலேருந்து ஒரு ஜாண் தூரத்துல, "நாப்பத்தி நாலு"ன்னேன்.

அதுக்கும் சிரிச்சான்.

வெளிய இழுத்துக்கினு போனேன். தெரு முனையில, வலது பக்கம் வந்து நின்னு கேட்டேன்.

"உள்ள நான் என்ன சொன்னேன்?"

"ஏதோ காமெடி பண்ண. இப்போ என்ன?"

"என்ன காமெடி? திருப்பிச் சொல்லு."

அவன் தரையப் பாத்தான். "உட்ரா மச்சா."

"இடது காதுல கேக்காதா?"

"ஆறாவதுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சில்ல, அதோட போச்சு. சுத்தமா. வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு காதே எனக்கு ரெண்டு காது வேல பண்ணுதுடா."

"அப்புறம் எப்டி சிரிச்ச?"

"நீ வாயத் தெறந்தா சிரிப்புதான? எத்தன வருஷமா பாக்கறேன். காலு ஸ்டைலா மாத்தி நிப்ப, செருப்பு சத்தம் பஞ்சத் தாண்டி வலது காதுக்கு வரும். அப்போ சிரிக்கணும்."

"போர்டுல மாட்டுவடா. அங்க மெஷின் இருக்கும்."

"போர்டுலயும் உன்ன மாதிரி ஒருத்தன்தான் இருப்பான்."

மறுபடி அவனேதான் சொன்னான், "நீ டிக் போட்டுட்ட இல்ல? அத்தோட வுடு. உன் வேலையும் போவாது, என் வேலையும் நடக்கும்."

வீட்டுக்கு நடந்து போகும்போது ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. ஸ்கூல் பெஞ்சுல எப்பவும் இடது ஓரம் அவனுக்குத்தான், அதுக்காக சண்டையே போட்டிருக்கான். தெருவுல நடந்தா என்ன வலது பக்கம் தள்ளிட்டு அவன் இடது பக்கம் வருவான். என்ன பின்னாடி பெஞ்சுக்கு மாத்தினப்போ அங்கேருந்து நான் அவன் இடது காதுல ஊதின ஜோக்கெல்லாம்? வாத்தியார் பாக்கும்போது நான் கஷ்டப்பட்டு சிரிப்ப அடக்குவேன், அவன் மாட்டிக்கினு அடி வாங்குவான். எதுக்கு அடி வாங்கறோம்னே தெரியாம வாங்கியிருக்கான்.

சொன்னா கேப்டன் தரையில. சொல்லலன்னா அந்தச் சுவரு வேற எவனுதோ ஆயிடும், அப்புறம் போர்டுல மெஷின் கண்டுபுடிக்கும், வீடும் இல்ல சட்டையும் இல்ல. அதுக்கு மேல இன்னொண்ணு இருந்துச்சு, அத நான் யோசிக்கவே பயந்தேன். ஒருவேள போர்டும் ஏமாந்துட்டா?

திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு கிளினிக் வாசல்ல நின்னேன். விங் சார் மாடியிலதான் குடியிருந்தாரு. பேப்பரோட எறங்கி வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். ஜிப்பு, எலுமிச்சங்கா, சிரிப்பு, நாப்பத்தி நாலு.

கத்துவாருன்னு நெனச்சேன். அவரு கத்தினா தாங்கிக்கலாம், பழக்கம்தான். அவரு ரெஜிஸ்டர எடுத்தாரு. ஜூட் பேரு இருக்கிற பக்கத்தப் பாத்தாரு. அந்த அஞ்சு டிக்கையும் வெரலால தொட்டாரு.

"எத்தன பேரு சிரிச்சாங்க?"

"சார்?"

"இவனுக்கு முன்னாடி. திருப்பிச் சொல்லாம சிரிச்சு மட்டும் டிக் வாங்கினவங்க எத்தன பேரு?"

"தெரியாது சார்."

செவப்புப் பேனாவ எடுத்து டிக்கு மேல ஒரே கோடு. கீழ இருக்கிறது தெரியற மாதிரி, அடிச்சதுன்னும் தெரியற மாதிரி. பக்கத்துல அவரு கையெழுத்து. பேனாவ என்கிட்ட நீட்டி, "நீயும் போடு"ன்னாரு. போட்டேன்.

"என்ன வேலைய வுட்டு அனுப்பிடுங்க சார்."

"அது உனக்கு சல்லிசாப் போயிடும். மொதல்ல இந்தப் பையன். அப்புறம் அந்த எண்ணிக்க."

ஜூட் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டுக் கூப்பிட்டாரு. ஒம்போதரைக்கு அப்பாவும் புள்ளையும் வந்தாங்க. அங்கிளு அக்ரிமெண்டுக்குப் போற சட்டையில, கையில வீட்டுப் பத்திரம் வெச்ச ரெக்ஸின் பை. ஜூட் என்னப் பாத்தான். அவ்ளோதான், புரிஞ்சுக்கினான். "ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, அஞ்சு நிமிஷம்"னு விங் சார் அங்கிள வெளிய பெஞ்சுல உக்கார வெச்சாரு.

ஜூட் கோட்டுல நின்னான். வலது காதுல நனைச்ச பஞ்சு வெச்சேன். அவன் வெரல எடுத்து நானே மேல அமுக்கினேன். செருப்ப கழட்டிட்டு இந்தக் கோட்டுக்கு வந்தேன். காலு அசையல. மூச்ச விட்டேன்.

"எலுமிச்சங்கா."

ஒரு செகண்டு. ஜூட் சிரிச்சான்.

"சிரிக்காத. என்ன சொன்னான்னு சொல்லு"ன்னாரு விங் சார். அவரு குரலு பஞ்சையும் தாண்டிப் போயிடும்.

"மைசூர்." அவன் பேசல. "நாப்பத்தி நாலு." சுவத்தப் பாத்துக்கினே நின்னான். நாலாவது சொன்னேன். அஞ்சாவதும் சொன்னேன். அப்புறம் அவனே பஞ்ச எடுத்துட்டுத் திரும்பினான்.

"முடிச்சிட்டானா சார்?"

"முடிச்சிட்டான்."

"எனக்குத் தெரியல சார், எப்போ முடிஞ்சதுன்னு."

விங் சார் அவன் வலது பக்கம் வந்து நின்னாரு. "வெள்ளையும் தைக்கல தம்பி"ன்னாரு. அவரு வாழ்க்கையில பேசின ஒரே ரகசியம் அதுதான்னு நெனைக்கறேன். வாசலுக்குக் கேக்கல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "டோனி, மூணு காபி."

மூணு டம்ளரோட தெருவத் தாண்டி வந்தேன். அங்கிளு பெஞ்சுல உக்காந்துக்கினு தட்டப் பாத்தாரு. டம்ளர எண்ணினாரு. ஞாயித்துக்கெழம நான் அடிச்சு விட்ட கத அவரு மூஞ்சியில ஓடுறது எனக்குத் தெரிஞ்சுது.

"எனக்கும் ஒண்ணாப்பா?"

நான் தட்ட நீட்டினேன். எடுத்தாரு. மெதுவா பூராவும் குடிச்சாரு. "சக்கர கம்மி"ன்னாரு.

பத்து நிமிஷம் கழிச்சு ஜூட் வெளிய வந்தான். அப்பா பக்கத்துல உக்காந்தான், இடது பக்கம்.

"அப்பா, வீட்ட விக்க வேணாம். எனக்கு இடது காது கேக்காது."

அங்கிளு ரெக்ஸின் பைய மடியில இறுக்கிக்கினாரு. "சரிப்பா"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "ரொம்ப நாளாவா?"

"ஆறாவதுலேருந்து."

"நான் உன்ன எத்தன வாட்டி திட்டியிருக்கேன், கூப்புட்டா காதுல வாங்க மாட்டேங்கறன்னு"ன்னு சொல்லிட்டு அவன் தலயில கைய வெச்சாரு. நான் காலி டம்ளர எடுத்துக்கினு போயிட்டேன். அங்க எனக்கு வேல இல்ல.

அப்புறம் எண்ணிக்க. ஒரு வருஷத்து ரெஜிஸ்டர விரிச்சு வெச்சுக்கினு, யார்கிட்ட ஒழுங்கா கேட்டேன், யார் சிரிச்சாங்கன்னு ஞாபகப்படுத்தி லிஸ்டு போட்டேன். ஞாபகம் இல்லாதவனும் லிஸ்டுல சேத்தின்னாரு விங் சார். நாப்பத்தியோரு பேரு. ஞாயித்துக்கெழமைங்கள்ல பஸ்ஸு புடிச்சு வீடு வீடா போனேன். கூடவே இருபது அடி கயிறு. ஒருத்தன மொட்ட மாடியில, ஒருத்தன சர்ச்சு காம்பவுண்டுல, ஒருத்தன அவன் கல்யாணத்துக்கு மொத நாள் பந்தல்ல நிக்க வெச்சேன். அவன் மாமனாரு என்ன மந்திரவாதின்னு நெனச்சுட்டாரு. ஊர விட்டுப் போனவங்களுக்கு விங் சார் லெட்டர் போட்டாரு, அவங்க வந்தப்போ வந்தாங்க. ஒருத்தரு பாக்கி இல்லாம முடிக்க பத்து மாசம் ஆச்சு. அத்தன பேருக்கும் காது நல்லாத்தான் இருந்துச்சு. அதக் கேட்டு நான் பெருமூச்சு விட்டேன். விங் சார் விடல. "உனக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சுன்னு அர்த்தம். நீ டெஸ்ட் பண்ணேன்னு அர்த்தம் இல்ல"ன்னாரு.

நவீன், உன் மெஷினு நல்ல மெஷினு. ஆனா பட்டன் அமுக்கறவன் மூஞ்சியப் பாத்து நீயே முடிவு பண்ணிடாத. பையன் திருப்பிச் சொல்ற வரைக்கும் உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கத்துக்கினது இவ்ளோதான், இதுக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.

ஜூட் என்கிட்ட ஒன்ற வருஷம் பேசல. எதிர்ல வந்தா அந்தப் பக்கம் போயிடுவான். நான் சத்தமா ஜோக் அடிச்சுப் பாத்தேன், திரும்பல. அப்புறம் ஒரு ஏர்லைன் ஆபீஸ்ல அவனுக்கு வேல கெடச்சுது. பிளேன்ல எத்தன ஆளு, எத்தன மூட்ட, எந்தப் பக்கம் எவ்ளோ பாரம்னு கணக்கு போட்டு ஒரு பேப்பர் குடுக்கணும். அந்தப் பேப்பர்ல கேப்டன் கையெழுத்து போட்டாத்தான் பிளேன் நகரும். மொத மாசச் சம்பளத்துல ஸ்வீட்டோட எங்க வீட்டுக்கு வந்தான், வந்ததும் சொன்னான், "வெள்ளச் சட்டக்காரன் தெனமும் என் கையிலேருந்து பேப்பர் வாங்கிக்கினு போறாண்டா." அதச் சொல்லும்போது அவன் சந்தோஷமா இருந்தானா, வருத்தமா இருந்தானான்னு எனக்குத் தெரியல. ரெண்டும் இருந்திருக்கும். மேல பிளேன் சத்தம் வந்தா இன்னும் அண்ணாந்துதான் பாக்கறான். எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாது, அதனால வானம் பூரா தேடுவான்.

எனக்கு மாலை போட்ட அன்னிக்கு அவனும் வந்திருந்தான். கூட்டமெல்லாம் போனப்பறம் மஞ்சக் கோட்டப் பாத்துக்கினு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். பேச்சு சுவாரசியத்துல நான் தப்பான பக்கம் உக்காந்துட்டேன். விங் சார் பத்தி ஒரு ஜோக் சொன்னேன். ஜூட் வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சான்.

"நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு."

சிரிப்ப நிறுத்தினான். "தெரியல."

எழுந்து சுத்திக்கினு வலது பக்கம் வந்தேன். அதே ஜோக்க மொதல்லேருந்து, ஒரு வார்த்த விடாம சொன்னேன்.

ஜூட் பூராவும் கேட்டான். சிரிக்கல.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அடப்பாவி"ன்னான் ஜூட், "இதுக்காடா நான் ஸ்கூல் பூரா அடி வாங்கினேன்?"